மார்க்சியர் இயக்குநரின் பெயரைச் சொல்லலாமா?

படிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் நீங்கள் நடத்தும் திரையிடல் வட்டத்தில் ஒரு தோழர், 'இயக்குநரைப் படைப்பாளி என்று தூக்கிப் பிடிப்பது முதலாளித்துவத் தனிமனித வழிபாடு, நாம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது' என்று சொல்லியிருக்கிறார். அதே தோழர்தான் அடுத்த மாதம் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் படம் போடலாம், அதற்கடுத்து வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் படம் போடலாம் என்று பட்டியலும் கொடுத்திருக்கிறார். இது முரண்பாடு இல்லையா என்று கேட்கிறீர்கள். கூடவே, நம்ம ஏரியாவை வைத்து எடுத்த படங்கள் இயக்குநருடையவையா, ஏரியாவுடையவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்: ஒருவர் பெயரைச் சொல்லும்போது நூறு பேர் உழைப்பை மறைத்துவிடுகிறோமா?

மறைக்கத்தான் செய்கிறோம். ஆனால் பெயரையே எடுத்துவிட்டால் அந்த உழைப்பு தெரிய ஆரம்பித்துவிடும் என்று தோழர் நினைத்தால், அது நடக்காது. நான் தொழிலால் எடிட்டர், பெரம்பூரில் குடியிருப்பவன். கோட்பாட்டை வகுப்பில் உட்கார்ந்து படித்ததில்லை. பிரெஞ்சு விமர்சகர்களையெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இயக்குநர்தான் படத்தின் படைப்பாளி என்கிற இந்த ஆட்டர் கோட்பாடு எப்படிக் கிளம்பியது என்பதில் குழப்பமே இல்லை. 1954 ஜனவரியில் 'கையே து சினிமா' என்கிற பிரெஞ்சு பத்திரிகையில், பின்னாளில் இயக்குநரான விமர்சகர் த்ரூஃபோ ஒரு கட்டுரை எழுதினார். பெரிய நாவல்களை எடுத்துத் திரைக்கதை ஆசிரியர்கள் பதமாகச் சமைத்துத் தர, இயக்குநர் அதைப் படம் பிடித்துக் கொடுப்பதோடு சரி என்றிருந்த அன்றைய பிரெஞ்சு 'தரமான' சினிமா மீது நடத்திய தாக்குதல் அது. அப்புறம் அந்தக் குழு செய்ததுதான் வேடிக்கை. படைப்பாளிகளைத் தேடி அவர்கள் போன இடம் ஹாலிவுட். ஸ்டூடியோ சொன்ன கதையை, ஸ்டூடியோ கொடுத்த நட்சத்திரங்களை வைத்துக் குறித்த நாளுக்குள் எடுத்துக்கொடுத்த ஹாக்ஸ், ஹிட்ச்காக் போன்றவர்களிடம் தனிப்பட்ட கைவரிசை இருக்கிறது என்றார்கள். இயக்குநர்தான் எல்லாம் செய்தார் என்று அவர்கள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அடுத்தவன் முடிவு செய்கிற இடத்திலும் ஒருவன் முத்திரை எப்படி வந்து விழுகிறது என்பதுதான் அவர்களுடைய வியப்பு. அதே பத்திரிகையின் மூத்தவர் ஆந்த்ரே பசான் 1957இல் இவர்களையே கண்டித்தார். தனிமனிதனை மட்டும் பார்க்கிறீர்கள், அந்த ஹாலிவுட் அமைப்புக்கே ஒரு மேதைமை உண்டு, அதைக் கவனியுங்கள் என்றார். 1962இல் அமெரிக்காவில் விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் இதை இயக்குநர்களின் தரவரிசைப் பட்டியல் மாதிரி ஆக்கினார். அடுத்த வருடமே இன்னொரு விமர்சகர் பாலின் கேல் அதைப் பிய்த்து எறிந்தார். உங்கள் தோழர் கோபப்படுவது சாரிஸ் வடிவத்தின் மீது. அந்தக் கோபம் நியாயமானதுதான்.

மார்க்சியப் பக்கமும் ஒரே குரலில் பேசியதில்லை. ஐசன்ஸ்டைனின் 'வேலைநிறுத்தம்' 1925இல் வந்தது. அதில் தனி நாயகன் கிடையாது, கூட்டம்தான் நாயகன். தொழிலாளர்கள் சுட்டுத் தள்ளப்படும் காட்சிக்கு நடுவே இறைச்சிக்கூடத்தில் மாடு அறுபடுவதை வெட்டி வெட்டி வைப்பாரே, அந்தப் படம். பாட்டாளிப் பண்பாட்டு இயக்கமான ப்ரோலெட்குல்ட்டின் தயாரிப்பு. ஆனால் திரைக்கதை யாருடையது என்பதில்தான் அவருக்கும் அந்த இயக்கத்துக்கும் தகராறு வந்தது, அதோடு அவர் வெளியேறினார். நாயகனே இல்லாத படத்துக்கும் உரிமைச் சண்டை! இதைத் தோழரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அதைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் சோவியத் இயக்குநர் ஜிகா வெர்தாவின் 1929ஆம் ஆண்டுப் படம், 'கேமராவோடு ஒரு மனிதன்'. ஓடிக்கொண்டிருக்கும் குதிரைவண்டி ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிடும். அடுத்தடுத்து உறைந்த முகங்கள் வரும். அப்புறம் அந்த முகங்களே ஃபிலிம் துண்டுகளாக ஒரு மேசையில் கிடப்பதைப் பார்ப்போம். ஒரு பெண் சுருள்களை அலமாரியில் பிரித்து அடுக்குகிறார், ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், கத்தரிக்கிறார், ஒட்டுகிறார். உடனே அந்தக் குழந்தையின் முகம் திரையில் சிரிக்க ஆரம்பிக்கிறது. அந்தப் பெண் எலிசவேதா ஸ்விலோவா, படத்தின் எடிட்டர், வெர்தாவின் மனைவி. கேமரா பிடித்தவர் வெர்தாவின் தம்பி மிகயில் காஃப்மன். படம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் படமே காட்டிக்கொடுக்கிறது, செய்கிறவரின் கை உட்பட. இவ்வளவுக்கும் பிறகு நூற்றாண்டாக நாம் அதை 'வெர்தாவ் படம்' என்றுதான் சொல்கிறோம். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டவன் என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

கோட்பாடாகப் பார்த்தால், நம்ம விஷயத்துக்கு உதவும் சரியான கேள்வியை 1934இல் ஜெர்மன் மார்க்சிய விமர்சகர் வால்டர் பென்யமின் கேட்டுவிட்டார். ஒரு படைப்பு அதன் காலத்து உற்பத்தி உறவுகளை, அதாவது யார் உழைக்கிறார், யார் உடைமையாளர் என்பதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன், அந்த உறவுகளுக்கு உள்ளே அது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள் என்றார். 1968 மே மாதக் கொந்தளிப்புக்குப் பிறகு அதே 'கையே' பத்திரிகை இடதுபக்கம் திரும்பியது. 1969இல் கொமோலியும் நர்போனியும் எழுதிய தலையங்கம், படம் என்பது ஒரு சரக்கு, அதே நேரத்தில் கருத்தியலும் கூட என்று தொடங்கி, படங்களை வகை பிரித்தது. அதில் ஒரு வகை முக்கியமானது: மேலே பார்த்தால் ஆளும் கருத்தியலுக்கு முழுசாக அடங்கிய படம் போலத் தெரியும், உற்றுப் பார்த்தால் உள்ளே விரிசல் விட்டிருக்கும். மறுவருடம் ஜான் ஃபோர்டின் லிங்கன் படத்தை இப்படித்தான் வரிவரியாகப் படித்தார்கள். ஃபோர்டின் பெயரைத் தூக்கி எறியவில்லை. அதோடு ஃபாக்ஸ் ஸ்டூடியோவையும், படம் வந்த 1939ஆம் வருடத்தையும், அமெரிக்க அரசியலையும் சேர்த்து வைத்தார்கள். பிரிட்டிஷ் கோட்பாட்டாளர் பீட்டர் வோலன் இன்னொரு வழி காட்டினார். ஹாக்ஸ் என்கிற மனிதர் வேறு, ஹாக்ஸ் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது நமக்குத் தட்டுப்படுகிற 'ஹாக்ஸ்' என்கிற அமைப்பு வேறு. இரண்டாவதைப் பேசுவதற்கு முதலாமவரைக் கும்பிட வேண்டியதில்லை. பிரெஞ்சு இயக்குநர் கோதார் தன் பெயரையே விட்டுவிட்டு, கோரான் என்பவரோடு சேர்ந்து 'ஜிகா வெர்தாவ் குழு' என்று கூட்டாகக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். அந்தப் படங்களையும் இன்று கோதார் வரிசையில்தான் தேடி எடுக்கிறோம். பெயரை எடுப்பதால் மட்டும் பெயரின் அதிகாரம் போய்விடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே சட்டப்படி படத்தின் ஆசிரியர் யார் என்று வட்டத்தில் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் இயக்குநர் என்பார்கள். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி தயாரிப்பாளர்தான். 2010இல் வந்த திருத்த மசோதா முதன்மை இயக்குநரையும் கூட்டு ஆசிரியராகச் சேர்க்கப் பார்த்தது. 2012இல் சட்டமானபோது அந்தப் பகுதி இல்லை. ஆக, தோழர் எதிர்க்கும் 'படைப்பாளி இயக்குநர்' நம் சட்டப் புத்தகத்தில் இல்லவே இல்லை. முதல் போட்டவர்தான் ஆசிரியர் என்று சட்டமே நேராகச் சொல்லிவிட்ட நாட்டில், இயக்குநரின் பெயரை மட்டும் முதலாளித்துவக் கட்டுக்கதை என்று திட்டிக்கொண்டிருப்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

நம் படங்கள் தயாராகும் விதத்துக்கு, நான் படித்ததில் மிகவும் பொருந்தி வந்த விளக்கம் மாதவ பிரசாத் இந்தி சினிமாவைப் பற்றி எழுதி 1998இல் வந்த புத்தகத்தில் இருக்கிறது. 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் இரண்டு வகைப் பட்டறை உற்பத்தியைப் பிரிப்பார். ஒன்றில் ஒரே பொருள் கைமாறிக் கைமாறிப் படிப்படியாக உருவாகும், ஊசி மாதிரி. மற்றதில் உதிரிப் பாகங்கள் தனித்தனி இடங்களில் தயாராகிக் கடைசியில் ஒன்றாகக் கோக்கப்படும், கைக்கடிகாரம் மாதிரி. இந்திப் படம் இரண்டாவது வகை என்கிறார் பிரசாத். கோடம்பாக்கத்தில் வேலை செய்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டு இசையமைப்பாளரிடமிருந்து வரும். அதைப் படமாக்கும் நாட்களில் ஸ்பாட்டில் டான்ஸ் மாஸ்டர் சொல்வதுதான் நடக்கும். சண்டை என்றால் ஸ்டண்ட் மாஸ்டர். காமெடிக்குத் தனியாக ஒரு குழு உட்கார்ந்து எழுதும். இடைவேளைக்கு முன் ஒரு திருப்பம் வேண்டும் என்று, கதைக்குத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுதும்போதே 'இன்டர்வெல் பிளாக்' என்று ஓரிடத்தை ஒதுக்கிவைப்போம். தியேட்டர் கேன்டீன் வியாபாரம் திரைக்கதையின் நடுமுதுகில் உட்கார்ந்திருக்கிறது. பொருளாதாரம் அடித்தளம், கலை அதன்மேல் எழும் மேற்கட்டுமானம் என்று பாடம் எடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் படைப்பாளி ஆவதென்றால், தனித்தனிப் பட்டறைகளிலிருந்து வரும் பாகங்களைத் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வைப்பது. அது பேரம். ஒன்று நான் பார்த்தது. படத்தின் பெயர் வேண்டாம். பெரம்பூர் பின்னி மில் வளாகத்தில் எடுத்த சண்டைக்காட்சி. ரஷ்ஷில், அதாவது எடிட் செய்யாத காட்சிகளில், ஒரு ஷாட் கிடந்தது. இரண்டாவது கேமராவை நிறுத்த மறந்திருந்தார்கள். சண்டைக்கு அடுக்கியிருந்த மூட்டைகளை இறக்கிவைத்த ஆள் ஒருவர், துணை நடிகர்கூட இல்லை, செட் வேலைக்கு வந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாயகன் பத்துப் பேரை அடிப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டண்ட் மாஸ்டர் கொடுத்த குறிப்பில் அந்த ஷாட்டே கிடையாது. என்கூட இருந்த உதவி எடிட்டர் பையன் அதைக் கண்டுபிடித்துத் தனியாக எடுத்து வைத்தான். இயக்குநர் பார்த்தார், வேண்டும் என்றார். தயாரிப்பாளர் தரப்பு, சண்டையின் வேகம் செத்துவிடும், எடு என்றது. இரண்டு நாள் இழுபறி. கடைசியில் இயக்குநர் ஒரு பாட்டில் தான் ஆசையாக வைத்திருந்த இரண்டாம் சரணத்தை விட்டுக்கொடுத்து இந்த ஷாட்டைக் காப்பாற்றிக்கொண்டார். படம் வந்ததும், 'இயக்குநருக்கே உரிய மௌனக் கணங்கள்' என்று ஒரு விமர்சனம் அதையே குறிப்பிட்டது.

அந்த ஷாட் யாருடையது? கேமராவை நிறுத்த மறந்தவருடையதா, கண்டெடுத்த பையனுடையதா, நின்று பார்த்த அந்த மனிதருடையதா? எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் படத்தில் அது இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு, அதற்கு விலையும் கொடுத்தவர் ஒருவர்தான். ஆட்டர் கோட்பாட்டில் எனக்கு ஒப்புதலான பகுதி அவ்வளவுதான். மார்க்சிய விமர்சனத்தில் எனக்கு ஒப்புதலான பகுதி, அந்த ஒருவர் முன்னால் வரும்போது மற்ற மூவரும் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்று கேட்பது. இந்த இரண்டு கேள்விக்கும் சண்டையே இல்லை.

பின்னி மில் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். மில் 1996இல் மூடியது. அப்புறம் அந்த இடம் படப்பிடிப்புத் தளமாகிவிட்டது. அந்தச் சங்கத்தின் மண்ணில், திரைத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான பெஃப்சியின் உறுப்பினர்கள் லைட் தூக்கினார்கள். ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் பிளவு வந்து புளியந்தோப்பில் கலவரம் வெடித்ததும் இதே வரலாற்றில்தான் இருக்கிறது. வட சென்னையில் உட்கார்ந்துகொண்டு வர்க்கத்தை மட்டும் பேசுகிற விமர்சனத்தை என்னால் முழுசாக நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

பா. ரஞ்சித் இயக்கிய 'மெட்ராஸ்' (2014) படத்தையே எடுங்கள், உங்கள் தெருவிலேயே நடக்கிற கதை. ஆட்டர் வழியில் படித்தால் நிறையக் கிடைக்கும். நாயகன் கையில் 'தீண்டாத வசந்தம்' என்கிற தலித் நாவல். 2016இல் அவருடைய 'கபாலி'யில் திரும்பவும் நாயகன் கையில் ஒரு தலித் எழுத்தாளரின் புத்தகம். வாசிக்கிற நாயகன் என்பது ரஞ்சித்தின் முத்திரை என்று தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் தயாரிப்பு நிறுவனம் மாறியும் நட்சத்திரம் மாறியும் அது மாறவில்லை. இது உறுதியான தரவு. மார்க்சிய வழியில் படித்தால் சுவர்தான் மையம். ஹவுசிங் போர்டு வீட்டில் இருப்பவனுக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது, பொதுச்சுவரைக் கட்சிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதற்காக இங்கே உயிர் போகிறது. ஆனால் அந்தச் சுவரில் யார் முகம், யாருக்கு உரிமை என்பது சாதியைத் தொடாமல் விளங்காது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் கதையையும், இயக்குநரின் முத்திரையையும், 1921இன் பிளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்தப் படம் முழுசாகப் பிடிபடுகிறது. இந்தக் கடைசி வாக்கியம் என் வாசிப்பு. வேறு விதமாகவும் படிக்கலாம்.

அப்படியானால் ஏரியாவுடைய பங்கு? இங்கேதான் எனக்கு நிச்சயம் குறைகிறது. பேச்சு, கானா, கேரம் போர்டு, பாக்ஸிங் எல்லாம் இங்கிருந்து போனவை. அதில் எது இயக்குநரின் ஞாபகம், எது ஸ்பாட்டில் நின்ற பையன் திருத்திக் கொடுத்தது என்பதைத் திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. டைட்டிலில் பெயர் வந்தால் மட்டும் சொல்லலாம். 'சார்பட்டா பரம்பரை' (2021) எழுத்தில் ரஞ்சித்தோடு தமிழ்ப்பிரபாவின் பெயரும் இருக்கிறது, அது பெரிய விஷயம். பெயர் வராத பங்கு பேட்டாவோடு முடிந்துவிடுகிறது. ஏரியா 'கூட்டுப் படைப்பாளி' என்று மேடையில் பேசுவது சுலபம். ஊர் கொடுத்ததற்கு ஊர் என்ன வாங்கியது என்று கேட்டால் மேடை அமைதியாகிவிடும்.

தமிழில் இந்த விவாதத்துக்கு மூன்றாவது ஆள் ஒருவரும் உண்டு, நட்சத்திரம். தண்டையார்பேட்டையில் நம் அப்பாக்கள் 'ப. நீலகண்டன் படம்' பார்க்கப் போகவில்லை, 'வாத்தியார் படம்' பார்க்கப் போனார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதிய புத்தகம், இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியை வைத்து நட்சத்திர பிம்பத்தைப் பிரித்துப் பார்த்தது. இயக்குநர்கள் அதில் ஓரத்தில்தான் வருவார்கள். நம் சினிமாவைப் பற்றிய ஆகச் சிறந்த இடதுசாரி வாசிப்பு இயக்குநரைச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை என்பதை உங்கள் தோழர் கவனிக்க வேண்டும். 'வட சென்னை' (2018) படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் அதன் நாயகன் என்பதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தில் என்ன போடலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஐசன்ஸ்டைன் இருக்கட்டும். 'பாதை தெரியுது பார்' (1960) பிரதி கிடைத்தால் அதையும் போடுங்கள். இயக்கியவர் நிமாய் கோஷ், வங்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய ஒளிப்பதிவாளர். இசை எம்.பி. சீனிவாசன், திரை இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாட்டு ஜெயகாந்தன் எழுதியது. இடதுசாரிகள் கூடி எடுத்த படம். அதை இன்று யாரும் நிமாய் கோஷின் முத்திரை என்று பேசுவதில்லை, எம்.பி.எஸ். பாட்டாகத்தான் நினைவில் நிற்கிறது. பெயர் எங்கே போய் ஒட்டுகிறது என்பதைப் பேச நல்ல படம்.

அதற்குப் பிறகு ஒரு சமகாலப் படத்துக்கு வாருங்கள். ஏனென்றால் நிலைமை மாறிவிட்டது. ரஞ்சித்துக்கு நீலம், வெற்றிமாறனுக்கு 2025 வரை கிராஸ் ரூட் என்று இயக்குநர்களே தயாரிப்பு நிறுவனம் நடத்தத் தொடங்கினார்கள். 'பரியேறும் பெருமாள்' (2018), 'காக்கா முட்டை' மாதிரியான படங்கள் இல்லாமலே போயிருக்கலாம், இப்படி ஒரு வழி திறக்காமல் இருந்திருந்தால். சொந்த நிறுவனத்தின் படங்களுக்குச் சட்டப்படியும் இவர்கள் ஆசிரியர்கள்தான், தயாரிப்பாளர் என்ற முறையில். பேரம் பேசி ஒரு ஷாட்டை வாங்க வேண்டிய அவசியம் இவர்களுக்கு முன்பு இருந்த அளவுக்கு இல்லை. ஆகவே இவர்கள் படைப்பாளிகளா என்ற கேள்வியில் வட்டத்தின் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இவர்கள் மாதிரி சொந்த நிறுவனம் வைத்திருக்கும் எந்த இயக்குநரின் யூனிட்டிலும் உதவி இயக்குநருக்குச் சம்பளம் மாதாமாதம் வருகிறதா, எழுத்தில் கூட இருந்தவனின் பெயர் டைட்டிலில் எங்கே வருகிறது, ஆறு மணிக்கு மேல் ஓடும் கால்ஷீட்டுக்கு லைட்மேனுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கலாம். உங்கள் தெருவிலேயே இதற்குப் பதில் தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், விமர்சகர் அடுத்த மாதம் வரட்டும்.